புற்றுநோயில் கரைந்த உடம்பைத் தேற்ற: கஞ்சியா, டப்பாவா, மாத்திரையா, குழாயா?

சிகிச்சை முடிந்துவிட்டது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, மோதிரம் விரலில் சுழல்கிறது, கன்னம் ஒட்டிப்போய்விட்டது. இந்த இடத்தில் கொங்குப் பக்கத்து வீடுகளில் ஒரு வாதம் தொடங்கும். சத்துமாவுக் கஞ்சியை விட்டால் வேறு எது என்று அம்மிச்சி (பாட்டி) கேட்பார். கோவையில் வேலையில் இருக்கும் மகன் புரோட்டின் பவுடர் டப்பாவை ஆன்லைனில் அனுப்பிவைப்பான். நாட்டுக்கோழி சூப் வைத்துக் கொடுங்கள், பத்தே நாளில் தெம்பாகிவிடுவார் என்பார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். மெடிக்கல் கடையில் பசி எடுக்க ஒரு மாத்திரை சொல்வார்கள். டாக்டர் குழாய் என்று வாயெடுத்தால் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்பார்கள்.

எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய் வந்தபோது இந்த வாதம் வரிசை மாறாமல் அப்படியே நடந்தது. அவரை வைத்துப் பார்த்ததும், மருத்துவமனை டயட்டீஷியன் சொல்லிக்கொடுத்ததும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்து எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்த நான்கில் எது உயர்ந்தது என்று கேட்பதில் பயன் இல்லை. ஆளைச் சாப்பிடவிடாமல் தடுப்பது எது என்று பார்த்தால், எதில் காசையும் நேரத்தையும் போடுவது என்பது பாதி முடிவாகிவிடும்.

போனது கொழுப்பு மட்டும் இல்லை

பட்டினி கிடந்தால் இளைப்பதும் புற்றுநோயில் இளைப்பதும் ஒன்றல்ல. பட்டினியில் உடம்பு முதலில் கொழுப்பைக் கரைத்துத் தசையை முடிந்தவரை காப்பாற்றும். புற்றுநோயில் உடம்புக்குள் ஒருவித அழற்சி ஓடிக்கொண்டே இருப்பதால் தசையும் சேர்ந்தே கரைகிறது, பசியும் மங்குகிறது. மருத்துவத்தில் இதற்கு கேகெக்ஸியா என்று பெயர். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கியிருந்தால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. 60 கிலோ ஆளுக்கு வெறும் மூன்று கிலோ. நம் ஆட்கள் பத்து கிலோ போன பிறகுதான் பேச்சையே எடுக்கிறோம்.

ஆகவே திரும்ப வரவேண்டியது தசை. தசை வேண்டுமென்றால் கலோரி, புரதம், கொஞ்சம் உடல் அசைவு மூன்றும் வேண்டும். வயிறு நிறைய வெள்ளைச் சோறும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்து எடையை ஏற்றிவிடலாம்தான், ஆனால் படியேறும் தெம்பு வராது.

எவ்வளவு வேண்டும்? ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கமான எஸ்பென், புற்றுநோயாளிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரி என்கிறது. புரதம் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை. 50 கிலோ ஆளுக்கு 1,250 முதல் 1,500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம் என்று வருகிறது. எடை ஏற வேண்டுமானால் இதற்கு மேலும் முந்நூறு, நானூறு கலோரி சேர்க்க வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வீட்டில் உண்மையில் என்ன இறங்குகிறது என்று பாருங்கள். காலையில் மூன்று இட்லி, பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி ரசம் சாதம், சாயங்காலம் டீ, ராத்திரி இரண்டு தோசை. கேட்டால் "நல்லாத்தான் சாப்புடறாருங்க" என்பார்கள். கூட்டினால் ஆயிரம் கலோரியைத் தொடாது, புரதம் 25 கிராமை ஒட்டித்தான் நிற்கும்.

தடை எது என்று முதலில் பாருங்கள்

நாக்கில் தயிர் போல வெள்ளை படிந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கான மருந்து கிடைக்காத வரை எந்தச் சாப்பாடும் உள்ளே போகாது. வாய்ப்புண் என்றால் சாப்பாட்டுக்கு முன் கொப்பளிக்க மரத்துப்போகச் செய்யும் மருந்து கொடுப்பார்கள். குமட்டல் என்றால், மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு என்ன பயன்? அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். வலி மாத்திரைக்கும் அதே கணக்கு. மார்பின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் வரும். நான்கு நாள் வெளிக்குப் போகாத மனிதருக்குப் பசி எங்கிருந்து வரும்? கன்னம் வற்றியதால் பல்செட் ஆடுவது இன்னொன்று. இதை யாரும் கவனிப்பதே இல்லை. கறி வேண்டாம் என்று ஒருவர் ஒதுக்குவது ருசி போனதால் அல்ல, மெல்ல முடியாததால் என்று பிறகுதான் தெரியவரும். மனம் விழுந்து போவதும் பசியைக் கொல்லும். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

கணையத்தில் நோய் வந்தவர்களுக்கோ, அங்கே அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கோ, மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து போனால், சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது என்று பொருள். அவர்களுக்குச் சாப்பாட்டோடு என்சைம் கேப்சூல் தேவைப்படும். அது இல்லாமல் ஊத்துக்குளி வெண்ணெயைக் காய்ச்சி நெய்யாக ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

வீட்டுச் சாப்பாடு: அதே டம்ளரில் நாலு மடங்கு

வாய் வழியாக விழுங்க முடிகிறவர்களுக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இப்போது கொடுக்கிற விதத்தில் அல்ல.

சத்துமாவுக் கஞ்சியையே எடுத்துக்கொள்வோம். ராகி, கம்பு, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை எல்லாம் வறுத்து மில்லில் கொடுத்து அரைத்த மாவு. சீக்காளிக்கு என்று சொன்னால் நம் வீடுகளில் இரண்டு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கரைத்து, மூக்கு முகம் தெரிகிற அளவுக்கு நீர்க்கக் காய்ச்சி, உப்புப் போட்டுக் கொடுப்பார்கள். மாவு 25 கிராம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 95 கலோரி, 3 கிராம் புரதம். அவ்வளவுதான். வயிறு மட்டும் ரொம்பிவிடும், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு எதுவும் வேண்டாம் என்பார்.

அதே 25 கிராம் மாவைத் தண்ணீருக்குப் பதில் 200 மில்லி ஆரஞ்சு பாக்கெட் ஆவின் பாலில் காய்ச்சுங்கள். அதில் கொழுப்பு 6 சதவீதம், நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம்தான். இறக்கியதும் வறுத்துப் பொடித்த நிலக்கடலை ஒரு டேபிள் ஸ்பூன் குவியலாக, ஒரு டீஸ்பூன் நெய், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை. டம்ளரின் அளவு மாறவில்லை. கலோரி 400-ஐத் தாண்டிவிட்டது, புரதம் 13 கிராம் பக்கம் வந்துவிட்டது. மனிதருக்குக் கூடுதலாக ஒரு வாய்கூட விழுங்கும் வேலை இல்லை.

இன்னொரு நுணுக்கம், நம் பாட்டிமார் குழந்தைகளுக்குச் செய்ததுதான். ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்தால், அந்த மாவில் கஞ்சி சீக்கிரம் கெட்டியாகாது. முளைக்கும்போது உண்டாகும் என்சைம் மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. அதனால் அதே நீர்ப்பதத்தில் கூடுதல் மாவு போடலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. மில்லுக்குக் கொடுக்கும்போது தானியத்தையே முக்கால் பங்கு போடாமல், பாதிக்குப் பாதி பயறும் கடலையும் எள்ளும் சேருங்கள். நிலக்கடலையில் நூறு கிராமுக்கு 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, கலோரி 560-க்கு மேல். பூசணம் பிடித்தது, சுருங்கியது, கசப்பது எதுவும் போகக் கூடாது. அந்தப் பூஞ்சை நச்சு ஈரலுக்குக் கேடு.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதை நம் ஊரில் சொல்லாத ஆள் இல்லை, ஆனால் செய்வது தலைகீழ். கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் உடம்புக்கு நல்லது என்று இளைத்தவருக்கும் தினமும் வைக்கிறார்கள். கொள்ளில் புரதம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கொழுப்பு அநேகமாக இல்லை, நார்ச்சத்து அதிகம், வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். எள்ளில் எடைக்குப் பாதி எண்ணெய், புரதமும் 18 சதவீதம் அளவுக்கு. தேறும் வரைக்கும் கொள்ளைக் குறைத்து எள்ளுருண்டை, கடலை உருண்டை, எள்ளுப் பொடியில் நல்லெண்ணெய் என்று போவதுதான் சரி.

கொங்குச் சமையலில் இதற்கு ஏற்ற பண்டங்கள் நிறைய. அரிசிம்பருப்பு சாதத்தில் பருப்பைக் கூட்டி, குழைய வேகவைத்து, மேலே நெய் விட்டால் ஒரு கிண்ணமே ஒரு வேளை சாப்பாடு. சந்தகையை (சேவையை) தேங்காய்ப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் வாய்ப்புண்காரரும் வாய் வறண்டவரும் எளிதாக விழுங்குவார்கள். ஒப்புட்டு, கச்சாயம் போன்ற இனிப்புகள் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம், சர்க்கரை வியாதி இல்லாத பட்சத்தில். சர்க்கரை இருந்தால் வெல்லத்தை விட்டுவிட்டுக் கலோரியை எண்ணெய், கடலை, முட்டை, பனீர் பக்கம் தள்ள வேண்டும்.

முட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரதத்துக்கு வேறெங்கும் அலைய வேண்டியதே இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம், அதுவும் உடம்பு முழுமையாக எடுத்துக்கொள்ளும் தரத்தில். நன்றாக வேகவைத்ததாக இருக்க வேண்டும். கீமோவில் வெள்ளையணுக்கள் இறங்கியிருக்கும் நாட்களில் ஆஃப்பாயிலும் பச்சை முட்டையும் ஆகவே ஆகாது. காய்ச்சாத பாலும் அப்படித்தான்.

சூப் விஷயத்துக்கு வருகிறேன். நாட்டுக்கோழியோ ஆட்டுக்காலோ, இரண்டு மணி நேரம் கொதித்த பிறகும் புரதத்தில் பெரும்பங்கு கறியிலேயேதான் நிற்கும். தண்ணீரில் இறங்குவது உப்பு, மணம், மிளகுக் காரம், கொஞ்சம் ஜெலட்டின். பசியைத் தூண்ட அரை டம்ளர் சூப் நல்லது. அதையே சாப்பாடு என்று கொடுத்துவிட்டு, கறியைப் பேரப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டால், நோயாளிக்குக் கிடைத்தது மிளகுத் தண்ணீர். கறியைப் பிய்த்து மிக்ஸியில் ஓட்டி அந்தச் சூப்பிலேயே கலந்துவிடுங்கள். நாட்டுக்கோழிதான் வேண்டும் என்றும் இல்லை. பிராய்லரில் புரதம் குறைவு இல்லை, மெல்லுவதற்கும் மிருது.

இளநீரும் இதே கதைதான். பார்க்க வருகிற ஒரம்பரை (உறவினர்) எல்லோரும் பொள்ளாச்சி இளநீர் நாலு கட்டிக்கொண்டு வருவார்கள். நூறு மில்லியில் இருபது கலோரி இருந்தால் அதிகம். தாகத்துக்கு நல்லது, உடம்பு தேறுவதற்கு அது உதவாது. வரும்போது ஒரு அட்டை முட்டையோ, ஒரு கிலோ வறுத்த கடலையோ கொண்டு வாருங்கள் என்று கூச்சப்படாமல் சொல்லிவிடலாம்.

வீட்டுச் சாப்பாட்டின் பலவீனம் ஒன்று உண்டு. அதற்குச் சமைக்க ஆள் வேண்டும், நாளைக்கு ஆறு தடவை. அதுவும் சமையல் வாசனையே குமட்டுகிற ஆளுக்குப் பக்கத்து அறையில். தாளிப்பு மணம் ஆகாதவர்களுக்கு ஆறின சாப்பாடு நன்றாக ஒத்துப்போகும். தயிர் சாதம், பால் பாயசம், குளிர்ந்த கஞ்சி எல்லாம் வாசனை குறைவு. பசி காலையில்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கும். கனமான சாப்பாட்டை அந்த வேளைக்கு வைத்துவிட்டு, ராத்திரி சாப்பிடவில்லை என்று சண்டை போடாமல் இருக்கலாம். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிப்பதையும் தள்ளிப்போடுங்கள், அந்த இடத்தில் சோறு போகட்டும்.

டப்பா: பாலமாக மட்டும்

மெடிக்கல் கடை அலமாரியில் இருக்கும் டப்பாக்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒருவகை, கலோரி, புரதம், வைட்டமின் எல்லாம் கலந்த முழு ஊட்டப் பவுடர், என்ஷூர் மாதிரி. இன்னொன்று வே புரதம், பாலிலிருந்து பிரித்தெடுப்பது. அதில் புரதம் எழுபது, எண்பது சதவீதம், மற்றதெல்லாம் கொஞ்சம். மூன்றாவது, ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள். அவை குழந்தைகளுக்கு ருசிக்காகக் கொடுப்பவை. நோயாளியின் புரதத் தேவைக்கு அவற்றை நம்பக் கூடாது. டப்பாவின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் நூறு கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். பிறகு டப்பாவில் உள்ள மொத்தப் புரதத்தால் விலையை வகுத்துப் பாருங்கள். ஒரு கிராம் புரதம் முட்டையில் சுமார் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முழு ஊட்டப் பவுடரில் அதைப்போலப் பல மடங்கு ஆகும்.

விலை அதிகம் என்பதால் மோசம் என்று சொல்ல வரவில்லை. பாலில் காய்ச்சிக் கடலைப் பொடி போட்ட அந்தக் கஞ்சி, தண்ணீரில் கலக்கிய ஒரு கப் முழு ஊட்டப் பவுடரைவிடப் பெரும்பாலும் கூடுதல் கலோரியே தரும். ஆனாலும் டப்பா ஜெயிக்கும் இடங்கள் உண்டு. கதிர்வீச்சில் தொண்டை வெந்து, மணலாகத் தட்டுப்படும் மாவுக் கஞ்சியே விழுங்க முடியாத வாரங்கள். காலை ஆறு மணிக்கு வண்டியேறி மருத்துவமனைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும் நாட்கள். வீட்டில் மனைவியும் வயதானவர், ஆறு வேளை அடுப்படியில் நிற்க முடியாது என்கிற நிலைமை. சமையல் வாசனைக்கே வாந்தி எடுப்பவர்கள். இவர்களுக்கெல்லாம் தயங்காமல் டப்பாவை வாங்கலாம்.

ஒரு நிபந்தனை. சாப்பாட்டுக்கு நடுவில் கொடுங்கள், சாப்பாட்டுக்குப் பதில் அல்ல. தண்ணீரில் கரைப்பதைவிடப் பாலில் கரைத்தால் கூடுதல் பலன். ருசி பிடிக்கவில்லை என்றால் சுவையில்லாத வே புரதத்தை ஆறிய கஞ்சியில், தயிரில், பருப்புக் கடைசலில் கலந்துவிடலாம். இரைப்பையை எடுத்தவர்களுக்கு இனிப்பான பானத்தை ஒரே மடக்கில் கொடுத்தால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரும். அவர்கள் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும்.

ஜிம் கடையில் விற்கும் வெயிட் கெயினர், ஒரே மாதத்தில் குண்டாக்கும் மூலிகைப் பொடி, இவற்றை ஒதுக்கிவிடுங்கள். மூலிகை என்ற பெயரில் விற்கும் சில பொருட்களில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் பிடித்திருக்கின்றன.

பசி மாத்திரை

வெறும் வைட்டமின் டானிக்கில் கலோரி இல்லை, அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். மெடிக்கல் கடையில் கைக்குக் கொடுக்கும் சைப்ரோஹெப்டடீன் தூக்கத்தைத் தரும். புற்றுநோயில் எடையைக் கூட்டுவதில் அது பலன் தரவில்லை.

டாக்டர் எழுதுகிறவை மூன்று. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சில நாட்களிலேயே பசியைக் கொண்டுவரும், ஆனால் சில வாரங்களுக்கு மேல் போனால் சர்க்கரையை ஏற்றித் தசையையே கரைக்கும். முகம் உப்பியதைப் பார்த்து ஆள் தேறிவிட்டார் என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். மெஜெஸ்ட்ரால் பசியையும் எடையையும் கூட்டும், ஆனால் கூடுவதில் பெரும்பகுதி கொழுப்பும் நீரும். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் அதில் உண்டு.

மூன்றாவது ஓலன்சபைன். மனநோய்க்குக் கொடுக்கும் மருந்து என்று கூகுளில் பார்த்துவிட்டுப் பயந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதற்கான முக்கியமான ஆய்வு நம் பக்கத்திலேயே, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நடந்தது. 2023-இல் வெளிவந்தது. வயிறு, ஈரல், கணையம், நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் கீமோ எடுக்கத் தொடங்கிய 124 பேர். பாதிப் பேருக்கு 12 வாரம் தினமும் 2.5 மில்லிகிராம் ஓலன்சபைன், மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரை. 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்கள் மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம், மற்றவர்களில் 9 சதவீதம். மனநோய்க்குக் கொடுப்பதைவிட அளவு மிகக் குறைவு. அதே ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கமும் இதைத் தன் பரிந்துரையில் சேர்த்தது. வாய் வழியில் அடைப்பு எதுவும் இல்லாமல், பசி மட்டும் செத்துப்போயிருக்கிறது என்றால் டாக்டரிடம் கேட்கத் தகுந்தது இது. தூக்கம் வரும், அதனால் ராத்திரியில் கொடுப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பசி வந்த பிறகு தட்டில் என்ன இருக்கிறது என்பது மறுபடியும் வீட்டார் கையில்தான்.

குழாய்: நாம் தேவைக்கு மேல் பயப்படுவது

சித்தப்பாவுக்குக் கதிர்வீச்சு பாதி ஓடிக்கொண்டிருந்தபோது எச்சில் விழுங்குவதே வேதனையாக இருந்தது. மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று டாக்டர் சொன்னதும் சித்தி அழ ஆரம்பித்துவிட்டார். குழாய் போட்டால் கடைசிக் காலம் என்று அவர் மனசில் பதிந்திருந்தது. எங்கள் சனங்களில் முக்கால்வாசிப் பேர் நினைப்பு அதுதான். குழாய் போட்ட மறுநாள் காலையில் சித்தப்பா எழுதிக் காட்டினார்: "இப்பத்தான் நிம்மதியா இருக்குது." சாப்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை என்பதே அவருக்குப் பாதி நிம்மதி.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஆளைச் சாய்த்து உட்காரவைத்து, குழாயில் மூக்கு ஓரத்தில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் நர்ஸைக் கேட்க வேண்டும். 50 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, குழாயில் செருகி உயர்த்திப் பிடித்தால் ஊற்றியது தானாக இறங்கும். அழுத்தித் தள்ளக் கூடாது. முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் படுக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். சித்தி இரண்டே நாளில் டீவி பார்த்துக்கொண்டே செய்யப் பழகிவிட்டார்.

மூக்குக் குழாயா, வயிற்றில் நேராகப் போடும் பெக் குழாயா என்பது எத்தனை நாளைக்கு என்பதைப் பொறுத்தது. நாலைந்து வாரம் வரைக்கும் மூக்குக் குழாய் போதும். அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் பெக் வசதி. சட்டைக்குள் மறைந்துவிடும், வெளியே போய்வரலாம், மூக்கும் தொண்டையும் புண்ணாகாது. ஆனால் அதற்கு எண்டோஸ்கோப்பி மூலம் சிறிய செயல்முறை தேவை, துளையைச் சுற்றி தொற்று வராமல் தினமும் சுத்தம் பார்க்க வேண்டும். மூக்குக் குழாய் குறுகலாக இருப்பதால் சத்துமாவுக் கஞ்சி அடைத்துக்கொள்ளும். நன்றாக வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் கரைத்த பவுடரையே ஊற்ற வேண்டும். டப்பாவுக்குக் காசு செலவழிக்க இதைவிட நல்ல காரணம் இல்லை.

தலை, கழுத்து, உணவுக்குழாய்ப் பகுதியில் சிகிச்சை எடுத்து, தேவையில் பாதிகூட விழுங்க முடியாமல் ஒரு வாரத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பவர்கள், இன்னும் பத்து நாள் பார்ப்போம் என்று தள்ளிப்போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் தசையில்தான் கழிகிறது. குழாய் இருக்கும்போதும் முடிந்த அளவு வாயிலும் ஒரு வாய் தண்ணீர், ஒரு வாய் கஞ்சி விழுங்கிப் பழக டாக்டர் அனுமதித்தால் அதை விடக் கூடாது. விழுங்கும் தசையும் வேலை இல்லாவிட்டால் மறந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஐந்து நாள், ஒரு வாரம் என்று கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாமல் இருந்தவருக்குக் குழாய் வழியாகவோ வாய் வழியாகவோ திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு முதல் சில நாட்கள் மருத்துவமனையில் ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

உடம்பை அசைக்காமல் தசை வராது

"பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று கட்டிலோடு வைத்துவிடுவது நம் பாசம். ஆனால் படுத்திருக்கும் தசைக்குப் புரதம் கொடுத்தாலும் ஒட்டாது. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, பத்து தடவை, நாளைக்கு இரண்டு வேளை. சாயங்காலம் வாசலிலோ களத்திலோ கொஞ்சம் நடை. பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவது. இது முடிந்த கையோடு முட்டையோ பாலோ. எலும்பில் நோய் பரவியவர்கள், ரத்தம் மிகக் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரப்பியும் வலி தணிப்புக் கவனிப்பும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு வாரம் மூன்று முறை ஈரோடு, கோவை என்று வண்டி வைக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி.

நோய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால்

இதைச் சொல்லாமல் விட முடியாது. நோய் கட்டுக்குள் வராமல் முற்றிக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு கொடுத்தாலும் எடை திரும்பாது. அது சமைப்பவரின் குறையும் அல்ல, சாப்பிடாதவரின் பிடிவாதமும் அல்ல. அந்தக் கட்டத்தில் கலோரிக் கணக்கு, கட்டாயக் கஞ்சி, குழாய் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, ஆசைப்பட்டதை ஆசைப்பட்ட அளவுக்குக் கொடுக்கலாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

சர்க்கரை சாப்பிட்டால் புற்று வளரும், பால் ஆகாது, கறி ஆகாது என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுக் கடைசியில் தட்டில் ரசம் மட்டும் மிஞ்சும் பத்தியம், இளைத்தவருக்கு நேரடிக் கெடுதல். ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், பாலில் போடுங்கள். கேப்சூலாக விற்பதை மட்டும் சிகிச்சை நடக்கும்போது டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள்.

முடிவு எடுப்பது

விழுங்க முடிகிறது, பசியும் ஓரளவு இருக்கிறது என்றால் கெட்டியாக்கிய வீட்டுச் சாப்பாடு, நாளைக்கு ஆறு வேளை. சமைக்க ஆள் இல்லை, வாசனை ஆகவில்லை, பயணம் அதிகம் என்றால் அதோடு டப்பா. விழுங்க முடிகிறது, பசி மட்டும் இல்லை என்றால், வாய், வலி, மலச்சிக்கல் எல்லாவற்றையும் சரி பார்த்த பிறகு மாத்திரைப் பேச்சு. விழுங்கவே முடியவில்லை என்றால் குழாய், அதுவும் சீக்கிரம்.

எடையை வாரம் ஒரு நாள், ஒரே மெஷினில், காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்ததும் பாருங்கள். வாரத்துக்குக் கால் கிலோ, அரைக் கிலோ ஏறினால் நல்ல வேகம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, வயிறு உப்புகிறது என்றால் அது நீர். உடனே காட்ட வேண்டும். மூன்று வாரம் ஒரு வழியில் போயும் முள் நகரவில்லை என்றால் அடுத்த வழியை டாக்டரிடம் பேசுங்கள். போகும்போது மூன்று நாள் சாப்பிட்டது முழுவதையும், எத்தனை இட்லி, எத்தனை மில்லி பால், எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். "சாப்புடறாருங்க, ஆனா ஏறமாட்டேங்குதுங்க" என்று சொன்னால் ஓபியில் கிடைக்கும் ஐந்து நிமிஷம் கேள்வியிலேயே போய்விடும். நோட்டைப் பார்த்தால் டயட்டீஷியனுக்கு எந்த வேளையில் ஓட்டை என்று அங்கேயே தெரிந்துவிடும்.